நாற்பத்தொன்றாம் எண்

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, நாற்பத்தொன்றாம் எண் புற்றே அல்ல என்பது தெரிந்தது.

லியென் அந்தத் தாளைக் கொண்டுவந்து மார்னியின் மேசையில் வைத்தாள். வைத்தவள் உட்காரவில்லை. அந்த ஆய்வுக்கூடத்தில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறவள். செல் வளர்ப்பதில் அவளை அடித்துக்கொள்ள அடிலெய்டில் ஆள் கிடையாது. 

"மரபணு ரிப்போர்ட் வந்திருக்கு. நாப்பத்தொண்ணோடது."

"இப்பத்தான் வருதா?"

"தட்டு நிறையணுமில்ல. தொண்ணூத்தாறு குழியும் நிறைஞ்சாத்தான் மெஷின்ல ஏத்துவாங்க. போன வாரம்தான் நிறைஞ்சுது."

மார்னி படித்தாள். டெஸ் என்ற நோயாளியின் கட்டியிலிருந்து வளர்த்த மாதிரியைப் பற்றியது அது. கணையப் புற்று என்றால் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஒரே மரபணுவில் ஒரே விதமான கோளாறு இருக்கும். அதைத்தான் முதலில் தேடுவார்கள். இதில் அது இல்லை. வேறு எந்தக் கோளாறும் இல்லை. துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது.

"மாதிரி எங்கயாவது மாறிப்போச்சா?"

"மாறல. அவரு ரத்தத்தோட ஒத்துப் பாத்துட்டேன். டெஸ்ஸோடதுதான். ஆனா புற்று இல்ல, மார்னி. நாம அஞ்சு மாசமா அவரோட நல்ல செல்லத்தான் வளத்துக்கிட்டு இருக்கோம்."

மார்னி தாளைத் திருப்பிப் போட்டாள். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை. காலையில் போட்ட காப்பி ஆறிப்போய் இருந்தது, அதை எடுத்துக் குடித்தாள். அவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. தோன்ற வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

மார்னி ஷிர்மர் திங்கள் முதல் புதன் வரை ஆஸ்பத்திரியில் கணையத்தை அறுக்கிறவள். வியாழனும் வெள்ளியும் சாலைக்கு மேலே கட்டியிருக்கும் நடைபாலத்தைக் கடந்து எதிர்க் கட்டடத்துக்கு வந்து, அறுத்ததை வளர்க்கிறவள். சொன்னால் எளிமையாக இருக்கும் விஷயம்தான். ஒருவருடைய புற்று இன்னொருவருடையது போல இருப்பதில்லை. அப்படியிருக்க எல்லோருக்கும் ஒரே மருந்தை ஊற்றி, பிழைத்தால் பிழைக்கட்டும் என்று விடுவானேன்? அறுத்த கட்டியில் ஒரு கொண்டைக்கடலை அளவு எடுத்து, ஜெல்லில் வைத்து, தீனி போட்டு வளர்த்தால் அது சின்னச் சின்ன உருண்டைகளாகப் பெருகும். அந்த உருண்டைகள் மேல் ஒவ்வொரு மருந்தாக விட்டுப் பார்த்து, எதில் சாகிறதோ அதை அந்த ஆளுக்குக் கொடுப்பது. இந்த ஒரு யோசனைக்கு மார்னியின் வாழ்க்கையில் ஒன்பது வருடம் போயிருந்தது. கல்யாணம் ஒன்றும் போயிருந்தது, ஆனால் அது வேறு காரணங்களாலும் போயிருக்கலாம்.

நோயாளி செத்த பிறகும் உருண்டைகள் உறைபெட்டியில் உயிரோடு இருக்கும். முதல் வருடம் ஒவ்வொரு சாவுக்கும் மார்னி கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து அழுதாள். அப்புறம் நின்றுவிட்டது. நிறுத்த வேண்டும் என்று அவள் ஒன்றும் முடிவெடுக்கவில்லை, தானாகவே வற்றிப்போனது. அவளுடைய தங்கை ஒருமுறை, "உன்கிட்ட பேசுறதும் ஃபிரிட்ஜ் கதவத் தொறந்து வச்சுக்கிட்டு நிக்கிறதும் ஒண்ணுதான்" என்றாள். மார்னிக்கு அதற்கும் கோபம் வரவில்லை. கோபம் வராததைத்தான் அவள் கவனித்தாள்.

"நாலு மருந்து வேணாம், ரெண்டு மருந்து போதும்னு டெஸ்ஸுக்கு முடிவு பண்ணது இத வச்சுத்தான்" என்றாள் லியென்.

"தெரியும்."

மார்னிக்கு நன்றாகவே தெரியும். டெஸ் மாதிரி அறுபத்தொரு வயதில் திடமாக இருக்கும் ஆளுக்கு, அறுவைக்குப் பிறகு நாலு மருந்துக் கலவையைத்தான் ஏற்றுவார்கள். ஆளைக் கிழித்துப் போட்டுவிடும், ஆனால் அதுதான் அதிக நாள் காப்பாற்றும். ரெண்டு மருந்து சாதுவானது. தாங்க முடியாதவர்களுக்குக் கொடுப்பது. நாற்பத்தொன்றாம் எண்ணோ, நாலு மருந்தை ஊற்றியும் அசையவில்லை. ரெண்டு மருந்தில் பொலபொலவென்று செத்தது. மருத்துவர்களின் வியாழக்கிழமைக் கூட்டத்தில் மார்னி அந்தப் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினாள். கீமோ கொடுக்கும் மருத்துவர் ஹமீத், "மரபணு ரிப்போர்ட் வரட்டுமே" என்றார். "ஆபரேஷன் முடிஞ்சு பத்து வாரம் ஆச்சு, ஹமீத். தட்டு நிறையற வரைக்கும் அவரு காத்துக்கிட்டு இருக்கணுமா?" என்று கேட்டது மார்னிதான். எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் சொன்னால் அந்த அறையில் தலையாட்டுவார்கள்.

அது ஏப்ரலில். இது ஜூலை.

அதற்கும் முன்னால் பிப்ரவரியில் நடந்ததும் இப்போது விளங்கியது. கட்டியை முழுசாக வெளியே எடுத்துத் தட்டில் வைத்தபின், ஆய்வுக்கூடத்துக்கான துண்டை மார்னியே வெட்டினாள். நடுவில் வெட்டியிருக்க வேண்டும். திசு பரிசோதிக்கும் ஆலிஸ்டர் அதற்கு முந்தின மாதம்தான், கட்டியைக் குதறி அனுப்பினால் புற்று விளிம்புவரை வந்திருக்கிறதா என்று தான் எப்படிச் சொல்வது என்று அவளைக் கூட்டத்தில் வைத்துப் பிடிபிடியென்று பிடித்திருந்தார். அதனால் கொஞ்சம் தள்ளி, விரலுக்குக் கல் மாதிரி தட்டுப்பட்ட இடத்தில் வெட்டினாள். கணையத்தில் கட்டியைச் சுற்றியிருக்கும் நல்ல சதையும் வீங்கி இறுகிக் கல்லாகிவிடும். அதை விரலால் பிரித்தறிய முடியாது என்று மாணவர்களுக்கு வருடா வருடம் பாடம் எடுக்கிறவள் அவள். இருபது வருடம் அறுத்த விரல் என்று தன் விரலை மட்டும் நம்பினாள்.

"ஏப்ரல்லயே நான் சொன்னேன், ஞாபகமிருக்கா?" லியென் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "இது ரொம்ப அழகா இருக்குன்னு."

சொல்லியிருந்தாள். மற்றவர்களுடைய உருண்டைகள் கோணல்மாணலாக, உள்ளே அடைத்துக்கொண்டு கிடக்கும். நாற்பத்தொன்று சோப்பு நுரை மாதிரி வட்டமாக, கண்ணாடியாக இருந்தது. 'அழகுக்கெல்லாம் ஆதாரம் கிடையாது லியென்' என்று மார்னி சிரித்திருந்தாள்.

"இப்ப என்ன பண்றது?" என்றாள் லியென். "விதிப்படி ஆராய்ச்சிக் கமிட்டிக்குத்தான் முதல்ல எழுதணும். அவங்க கூடி, அவங்கதான் நோயாளிக்கு லெட்டர் போடுவாங்க. ரெண்டு வாரம் ஆகும்."

மார்னி கணினியில் டெஸ்ஸின் ரத்த முடிவுகளைத் திறந்தாள். புற்றின் அளவைக் காட்டும் எண் ஒன்று உண்டு. மே மாதம் முப்பது. ஜூன் மாதம் ஐம்பத்தெட்டு. நேற்று மாலை வந்தது நூற்றுப் பன்னிரண்டு.

லியென் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். வியட்நாமிய மொழியில் ஏதோ முணுமுணுத்தாள்.

"திங்கக்கிழமை அவருக்கு அடுத்த ஊசி" என்றாள் மார்னி. "அதே ரெண்டு மருந்து."

"இன்னைக்கு அவரு பேசப்போறாரே, மார்னி. கீழ பேரு எழுதி ஒட்டியாச்சு."

அது வேறு இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை ஆய்வுக்கூடத்தில் காலைத் தேநீர் விருந்து வைப்பார்கள். நோயாளிகள், குடும்பத்தார், நன்கொடை தந்தவர்கள் என்று நூறு பேர் வருவார்கள். யாராவது ஒரு நோயாளி எழுந்து பேசுவார். இந்த வருடம் டெஸ் ட்ரெகென்ஸா.

மார்னி ஹமீதுக்குப் போன் போட்டு நாலு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள்.  ஹமீத், "திங்கக்கிழமை ஊசிய நிறுத்துறேன். அன்னைக்கே ஸ்கேன். உடம்பு தாங்கும்னா புதன்கிழமை நாலு மருந்து ஆரம்பிக்கலாம். ஆனா அவருகிட்ட யார் சொல்றது?" என்றார்.

"நான் சொல்றேன்."

"கமிட்டி கடிக்கும் மார்னி. இந்தச் சோதனையவே நிறுத்தினாலும் நிறுத்திடுவாங்க."

"நிறுத்தட்டும்."

வீரமாகச் சொன்னதாக யாரும் நினைக்க வேண்டாம். பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

டெஸ் ஒன்பதேகாலுக்கே வந்துவிட்டார். மூன்டா என்ற ஊரிலிருந்து இரண்டு மணி நேரம் காரோட்டி வந்தும் களைப்பில்லை. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிற ஆள், அந்தத் தெற்றுப்பற்களுக்கு நடுவே எப்போதும் ஒரு சிரிப்பைச் செருகி வைத்திருப்பார். கழுத்தில் போர்ட் கால்பந்து அணியின் கறுப்பு வெள்ளைத் துண்டு. பின்னால் அவர் மனைவி ரோஸ்லின், துணி சுற்றிய பெரிய தட்டு ஒன்றைச் சுமந்துகொண்டு வந்தாள்.

"என்னம்மா மார்னி, பேயறஞ்ச மாதிரி நிக்கிற? போன வாரம் உங்க டீம் தோத்ததுக்கா?" என்றார் டெஸ். "விடு விடு. உங்களுக்கு அது பழக்கம்தானே."

"வாங்க டெஸ். வாங்க ரோஸ்லின்."

"பேஸ்டி" என்று ரோஸ்லின், கறியும் உருளைக்கிழங்கும் மாவில் மடித்துச் சுட்டு அடுக்கியிருந்த தட்டை நீட்டிக் காட்டினாள். "மூணு தட்டு. ரெண்ட கீழ மேசையில வச்சிட்டேன். நாலு மணிக்கு எழுந்து போட்டது. அடுப்புலருந்து எடுத்து நேரா சூட்டுப் பெட்டியில வச்சுக் கொண்டாந்தோம். கை வைக்காதீங்க டாக்டர், இரும்புத் தட்டு, இன்னும் கொதிக்குது."

"இவ கேரட் போட மாட்டா" என்றார் டெஸ் பெருமையாக. "கேரட் போட்டா அது பேஸ்டியே இல்ல. சரி, எங்க அவன்? அந்த நாதாரியக் காட்டுறேன்னு சொன்னியே. மேடையேறுறதுக்கு முன்னாடி மூஞ்சியப் பாத்து நாலு வார்த்த கேக்கணும்."

மார்னி அதை மறந்தே போயிருந்தாள். டெஸ் தன் புற்றை ஒருமுறை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க ஆசைப்பட்டு, அவளும் சரியென்று சொல்லியிருந்தாள். லியெனுக்கு அது நினைவில்லாமல் இல்லை. இன்குபேட்டரிலிருந்து தட்டை எடுத்து ஏற்கெனவே மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்திருந்தாள். தூக்கி எறிவதற்காக எடுத்ததா, காட்டுவதற்காக எடுத்ததா என்று கேட்டால் அவளுக்கே தெரிந்திருக்காது.

"டெஸ், முதல்ல ஒரு விஷயம் பேசணும்."

"பேசலாம், பேசலாம். எங்க ஓடிடப்போற." அவர் ஏற்கெனவே உயரமான நாற்காலியில் ஏறிக் கண்ணை வைத்துவிட்டார். "அட... இதுவா? ரோஸ், இங்க வந்து பாரு. கொட்டை கொட்டையா. பளபளன்னு இருக்கான் பாரு பொறுக்கி." கண்ணை எடுக்காமலே தட்டைப் பார்த்துப் பேசினார். "டேய். பஸ்ஸுல பின்சீட்டுல ஒக்காந்து மத்த பிள்ளைங்க தலையில குட்டுறவன் ஒருத்தன் இருப்பான், தெரியுமா? அவனாவது பிள்ளை. உன்ன நடுரோட்டுல எறக்கிவிட்டுட்டுப் போயிட்டே இருப்பேன்."

ரோஸ்லினும் பேஸ்டித் தட்டைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.  கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

மார்னிக்கு இப்படிச் சேதி சொல்வது புதிதல்ல. வாரத்துக்கு இரண்டு பேருக்குச் சொல்கிறாள். அதற்கு ஒரு முறை இருக்கிறது. உட்கார வைப்பது, கண்ணைப் பார்ப்பது, சின்ன வாக்கியங்களாகச் சொல்வது, சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வது. வாய் பாட்டுக்கு அந்த முறைப்படி ஆரம்பித்தது.

"டெஸ். நீங்க பாக்கறது புற்று இல்ல."

"என்னது?"

"அது உங்க நல்ல செல். நான் துண்டு வெட்டினப்ப கட்டியில வெட்டல, பக்கத்துல வெட்டிட்டேன். அது புற்றுன்னு நெனச்சு வளத்துட்டோம். இன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சுது."

டெஸ் கண்ணை எடுத்தார். முகத்தில் இன்னும் சிரிப்பு மிச்சம் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே விட்டிருந்தார்.

"அப்ப இவன்..."

"நீங்கதான்."

"இவ்வளவு நேரம் நான் திட்டினது என்னையேவா?"

 லியென் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"மருந்து?" இது ரோஸ்லின். அவளுக்குத்தான் முதலில் விளங்கியது. "மருந்து இதுல ஊத்திப் பாத்துத்தானே முடிவு பண்ணீங்க?"

"ஆமா."

"எது இதக் கொல்லுதோ அதக் கொடுத்தீங்க."

"ஆமா."

"அப்ப, இவரோட நல்லத எது கொல்லுதோ அதத் தேடிப் பிடிச்சு இவருக்கு ஏத்தியிருக்கீங்க. மூணு மாசமா."

மார்னி ஒருபோதும் அதை அப்படி ஒரே வாக்கியத்தில் நினைத்துப் பார்க்கவில்லை. சரியான வாக்கியம்தான். திருத்த அதில் ஒன்றுமில்லை.

"ஆமா" என்றாள்.

அப்புறம் மற்றதையும் சொன்னாள். ரத்த எண் ஏறுவதை, அதன் அர்த்தத்தை, திங்கட்கிழமை ஸ்கேனை, புதன்கிழமை நாலு மருந்தை. தவறு யாருடையது என்று அவர் கேட்கவில்லை, ஆனாலும் சொன்னாள். வெட்டியதும் அவள்தான், ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் கூட்டத்தில் அடித்துப் பேசியதும் அவள்தான் என்று. குரல் ஒரே சீராக இருந்தது. தன் குரலை அவளே அடுத்த அறையிலிருந்து கேட்பது போல இருந்தது. இந்த மனிதர் சாகலாம், அதில் என் கை இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மரத்துப்போன காலில் கிள்ளுவது மாதிரி, கிள்ளுகிறோம் என்று தெரிந்தது, வலி வரவில்லை.

டெஸ் துண்டைக் கழுத்திலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்தக் கெட்டவன் துண்டு ஒண்ணுகூட உங்கிட்ட இல்லியா? இப்ப வளத்துப் பாக்க முடியாதா?"

"பரிசோதனைக்கு எடுத்தத மெழுகுல வச்சிருக்காங்க. அது உயிரில்லாதது. அதுகிட்ட ஒண்ணும் கேக்க முடியாது."

"ம்." யோசித்தார். பேருந்தைத் திருப்ப இடம் இருக்கிறதா என்று பார்க்கிறவர் போல, அவசரமில்லாமல் யோசித்தார். திடீரென்று நிமிர்ந்தார். "இரு. அந்த நாலு மருந்த இவன் மேலயும் ஊத்தினீங்கல்ல? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. தாங்கிச்சு."

"பாத்தியா!" டெஸ் மேசையில் தட்டினார். "அப்ப அந்த நாலு மருந்து என் நல்லத ஒண்ணும் பண்ணாது. கெட்டத மட்டும்தான் கொல்லும். அப்படித்தானே? உன் சோதனை வீணாப்போகல மார்னி. ரோஸ், கேட்டியா, எனக்கு அது ஒத்துக்கும்!"

ரோஸ்லினும் மார்னியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் முதல் தடவையாக ஒரு கெஞ்சல் இருந்தது.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் நிம்மதியாகக் கீழே போய், நூறு பேர் முன்னால் நின்று, தப்பிலும் ஒரு நல்லது நடந்தது என்று பேசுவார். கமிட்டிகூட அதைக் கேட்டு இளகும். முழுப் பொய்யும் இல்லை, தட்டில் அது நடந்தது நிஜம்தான். ஏப்ரலில் அவள் கூட்டத்தில் காட்டியதும் தட்டில் நிஜமாக நடந்ததுதான்.

"இல்ல, டெஸ்" என்றாள். "அது உங்க கணையத்துல இருக்கற செல்லு மட்டும்தான். நாலு மருந்து அடிக்கிறது நரம்புல, ரத்தத்துல, குடல்ல. அதப் பத்தி இந்தத் தட்டு ஒண்ணும் சொல்லாது. உங்களுக்கு ஒத்துக்குமான்னு எனக்குத் தெரியாது."

"ஏப்ரல்ல குடுத்திருந்தா?"

"அப்ப புற்று மருந்துக்குக் கேட்டிருக்க வாய்ப்பு அதிகம். இப்பவும் கேக்கலாம். தெரியாது."

டெஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு இப்போதுதான் முழுசாகப் போனது. அது இல்லாமல் அவரை மார்னி பார்த்ததே இல்லை. மயக்க மருந்தில் கிடந்தபோதுகூட இல்லை.

"இந்தத் தெரியாதுங்கற வார்த்தை" என்றார் மெதுவாக, "ஏப்ரல்ல உன் வாயில வரலியேம்மா."

மார்னி வாயைத் திறந்தாள். முறைப்படி அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பது நினைவுக்கு வரவில்லை.

ரோஸ்லின் எழுந்தாள். பேஸ்டித் தட்டைத் துணியால் மறுபடி சுற்றினாள். நாலு முனையையும் இறுக்கி முடிச்சுப் போட்டாள். "இத நாங்க திரும்ப எடுத்துட்டுப் போறோம்" என்றாள். "கீழ இருக்கறதையும். உங்க விருந்துக்குப் போட எனக்குக் கை வரல, டாக்டர்."

"ரோஸ்" என்றார் டெஸ்.

"என்ன ரோஸு? நாலு மணிக்கு எழுந்து இவளுக்காகப் பிசைஞ்சேன். மூணு மாசமா ஊர் பூரா இவ பேரச் சொல்லிக்கிட்டுத் திரியிறீங்க, சர்ச்சுல எழுந்து நின்னு சொன்னீங்க. இவளப் பாருங்க. கண்ணு ஒரு சொட்டு கலங்குதா பாருங்க." மார்னியின் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, உனக்கு ஒண்ணுமே இல்லியா? உள்ள ஒண்ணுமே இல்லியா?"

மார்னி உண்மையைச் சொன்னாள். "தெரியல, ரோஸ்லின்."

ரோஸ்லின் தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். கதவைக் காலால் தள்ளித் திறந்தாள். லியென் ஓடிப்போய்க் கதவைப் பிடித்தாள், அப்படியே அவள் பின்னால் மற்ற தட்டுகளைத் தூக்கப் போய்விட்டாள். கீழே கூடத்தில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள் போலிருக்கிறது. கோப்பைச் சத்தமும், ஒலிபெருக்கியை யாரோ தட்டிப் பார்க்கும் சத்தமும் படியேறி வந்தன.

டெஸ் நாற்காலியை விட்டு இறங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். பேச எழுதி வைத்திருந்தது. இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருந்தார். அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மறுபடி மடித்து உள்ளேயே வைத்துக்கொண்டார்.

"மூணு மாசம் பஸ் ஓட்டினேன்" என்றார். "நாலு மருந்துன்னா ஓட்டியிருக்க முடியாதில்ல?"

"முடியாது."

"ம். அத வேணும்னா நன்றின்னு சொல்லிக்கலாம். சொல்ல மாட்டேன். ஆனா ஓட்டினேன்."

"புதன்கிழமை வருவீங்களா?"

"வராம? வீட்டுல ஒக்காந்துகிட்டு யாரப் பாக்கறது?" மூக்கை உறிஞ்சினார். "நீ இருப்பியா அங்க?"

அறுவை மருத்துவர்கள் கீமோ அறைக்குப் போவதில்லை. மார்னி இருபது வருடத்தில் ஒருநாள்கூடப் போனதில்லை. அவள் வேலை அறுவை மேசையோடு முடிந்துவிடும், அதற்கப்புறம் எல்லாம் எண்கள்தான்.

"இருப்பேன்" என்றாள்.

டெஸ் மறுபடி குனிந்து மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தார். இந்த முறை திட்டவில்லை. வெகு நேரம் பார்த்தார்.

"இவனுங்கள என்ன பண்ணுவீங்க?"

"ப்ளீச் ஊத்திக் கொட்டிடணும். தப்பான மாதிரிய வச்சிருக்கக் கூடாது, விதி."

"இவனுங்க என்ன தப்பு பண்ணானுங்க?"

டெஸ் கண்ணை எடுத்து நிமிர்ந்தார்.

"தீனி எப்ப போடுவீங்க?"

"செவ்வாயும் வெள்ளியும்."

"இன்னைக்கு வெள்ளி. போட்டாச்சா?"

"இல்ல."

"போடு" என்றார் டெஸ். "நான் பாக்கணும்."

மார்னி கையுறை மாட்டிக்கொண்டாள். ஃபிரிட்ஜிலிருந்து இளஞ்சிவப்புத் திரவத்தை எடுத்து, தட்டைக் கண்ணாடித் தடுப்புக்குள் வைத்தாள். பழைய தீனியை உறிஞ்சி எடுத்தாள். புதியதைப் பிப்பெட் என்ற மெல்லிய உறிகுழாயில் ஏற்றி முதல் குழியின் மேல் பிடித்தாள். ஒரு மில்லிமீட்டர் அகல ரத்தக்குழாயைத் தைக்கும் கை அது. நாடு முழுக்க இளம் மருத்துவர்கள் வந்து நின்று அதன் நிதானத்தைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அந்தக் கை நடுங்கிற்று. முதலில் பிப்பெட்டின் நுனியில் மட்டும் தெரிந்தது, அப்புறம் மணிக்கட்டுக்கு வந்தது. இன்னொரு கையால் பிடித்துப் பார்த்தாள், அதுவும் நடுங்கியது. ஒரு சொட்டு குழிக்கு வெளியே விழுந்து சிவப்பாகப் பரவியது. மார்னி அதையே பார்த்தாள். தன் தொண்டையிலிருந்து என்னவோ சத்தம் வருவதை அவள் கேட்டாள்.

டெஸ் இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். அவள் முதுகைத் தட்டவில்லை, பரவாயில்லை என்று சொல்லவில்லை. தட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தும்மா" என்றார். "கொட்டிடாத. அது நான்."